கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு, மலையகத்தின் குறுக்கே: குழுவாகச் சைக்கிளில் போவோருக்கு முழுமையான வழிகாட்டி

மொத்தம் 400 சொச்சம் கிலோமீட்டர் என்று சொன்னதும் புதியவர்கள் உடனே 5 ஆல் வகுத்துவிடுவார்கள். நாளுக்கு 80 கிலோமீட்டர், எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுகிற தூரம்தானே என்பார்கள். பெரும்பாலான குழுக்கள் இரண்டாம் நாளே குலைந்துபோவது இந்தக் கணக்கினால்தான். மலையகத்தில் தூரம் இரண்டாவது கணக்கு. எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம், குழுவில் மெதுவான ஆள் அதை எத்தனை மணித்தியாலத்தில் ஏறுவார் என்பதுதான் முதல் கணக்கு. கீழே உள்ள படிகளையும் அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்; சைக்கிள் வாங்கிய பிறகு பாதையைத் தேடினால் காசும் முழங்காலும் சேர்ந்து போகும்.

1. பாதையையும் திசையையும் முடிவு செய்யுங்கள்

நாட்டைக் குறுக்கே கடக்கப் பல வழிகள் இருந்தாலும் முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கொழும்பிலிருந்து ஏ1 வீதியில் பேராதனை. அங்கிருந்து ஏ5 வீதியைப் பிடித்தால் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று போய்ச் செங்கலடியில் முடியும். பேராதனையிலிருந்து செங்கலடி வரை ஒரே வீதி, சுமார் 275 கிலோமீட்டர். சந்திகளில் வழி தவறும் தொல்லை குறைவு. பின்தங்கிய ஆளும் "ஏ5ஐ விட்டு இறங்காதே" என்ற ஒரே சொல்லை வைத்து வந்து சேர்ந்துவிடலாம்.

திசை மேற்கிலிருந்து கிழக்காக இருக்கட்டும். இதற்கு இரண்டு காரணங்கள். ஐந்தாம் நாள் களைத்த உடம்போடு கடவத்தைப் பக்கத்து வாகன நெரிசலுக்குள் நுழைவதைவிட, புத்துணர்ச்சியோடு முதல் நாள் விடிவதற்கு முன் அதைத் தாண்டிவிடுவது நல்லது. அடுத்தது, இறம்பொடைக் கொண்டை வளைவுகளைப் புதியவர்கள் ஏறிக் கடப்பது இறங்கிக் கடப்பதைவிடப் பாதுகாப்பானது. 2025 மே மாதம் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்த கெரண்டிஎல்ல இந்த வீதியில்தான் இருக்கிறது. ஏறும்போது நீங்கள் மணிக்கு 8 கிலோமீட்டரில் போவீர்கள். தவறு நடந்தாலும் காலை ஊன்றி நிற்கலாம்.

அதிவேகப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. தொலைபேசி வரைபடம் சில நேரம் அந்தப் பக்கம் இழுக்கும், பேச்சைக் கேட்காதீர்கள்.

2. திகதி

பெப்ரவரி பிற்பாதியும் மார்ச் மாதமும்தான் பொருத்தம். டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவமழை பதுளைச் சரிவையும் மட்டக்களப்பையும் நனைக்கும். மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் மழை கம்பளை, நுவரெலியாப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மழைக்கும் இடையில் இரு பக்கமும் ஓரளவு காய்ந்திருக்கும் இடைவெளி இதுதான். மார்ச் போகப் போகப் பின்னேரத்து இடிமழை தொடங்கும். ஆகவே எந்த நாளும் மதியம் 2 மணிக்கு முன் மலையில் வேலை முடிந்திருக்க வேண்டும்.

ஏப்ரலைத் தவிருங்கள். நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை, அறை வாடகை மடங்காகும், கொழும்பு வாகனங்கள் எல்லாம் அந்த ஒற்றை வீதியில் நிற்கும். வேறு மாதங்களிலும் போயா தினத்தோடு (பௌர்ணமி விடுமுறை) வார இறுதி சேர்ந்து வருகிற நீண்ட விடுமுறையில் இதே கதைதான். நுவரெலியாவில் தங்கும் இரவு செவ்வாய், புதனில் விழுமாறு வையுங்கள்.

திகதி குறித்ததும் வீதி நிலையைக் கேட்டறியுங்கள், புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது மறுபடியும் கேளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக வீதிகளை மோசமாகச் சிதைத்தது. போன வருடம் போய்வந்தவரின் பேச்சை வைத்து இந்த வருடம் புறப்பட முடியாது. அந்தந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் உண்மை நிலவரம் கிடைக்கும்.

3. நாட்களை ஏற்றத்தின்படி பிரியுங்கள்

ஐந்து நாள் போதும், ஆனால் சமமான ஐந்து நாள் அல்ல.

முதல் நாள் கொழும்பிலிருந்து பேராதனை, சுமார் 110 கிலோமீட்டர். நிட்டம்புவ, வரக்காபொல, கேகாலை வரை சிறு மேடு பள்ளங்கள். மாவனல்லை தாண்டியதும் கடுகண்ணாவை ஏற்றம், அதுவும் நாளின் கடைசியில். அதை மனதில் வைத்து முன்பாதியை மெதுவாக ஓட்டுங்கள்.

இரண்டாம் நாள் பேராதனையிலிருந்து நுவரெலியா. ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான், ஆனால் நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பேராதனை 500ஐ எட்டாது. ஒரே நாளில் ஏறத்தாழ 1,400 மீட்டர், இடையில் இறங்கி மறுபடி ஏறுவது தனி. இந்த நாளில் 10 கிலோமீட்டரைக்கூடக் கூட்டாதீர்கள். "கண்டிக்குள் போய்த் தங்கிவிட்டு அங்கிருந்து புறப்படலாமே" என்று யாராவது கேட்பார்கள். காலை நெரிசலில் ஒரு மணித்தியாலம் வீணாகும், வேண்டாம்.

மூன்றாம் நாள் நுவரெலியாவிலிருந்து பதுளை, 60 கிலோமீட்டருக்குள். பதுளை 680 மீட்டர் அளவில் இருப்பதால் இதை ஓய்வு நாள் என்று நினைப்பார்கள். கால்களுக்கு ஓய்வு, கைகளுக்கும் பிரேக்குக்கும் இல்லை. நான்காம் நாள் பதுளையிலிருந்து பிபிலை, சுமார் 70 கிலோமீட்டர். பசறை, லுணுகலை வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் நாள் பிபிலையிலிருந்து மட்டக்களப்பு, 100க்குச் சற்று மேல். தட்டையான வீதி, கொதிக்கும் வெயில்.

தங்குமிடங்களை இப்போதே பேசிவிடுங்கள். சைக்கிளை உள்ளே வைக்க இடம் இருக்கிறதா, காலை 4.30க்குக் கதவைத் திறப்பார்களா என்ற இரண்டு கேள்விகளை மறக்கக் கூடாது. வாசல் கேற்றுக்கு முன்னால் நின்று காவலாளியை எழுப்பிக்கொண்டிருந்தால் அன்றைய நாள் ஒரு மணித்தியாலம் பின்தங்கியே ஓடும்.

4. கியரை மாற்றுங்கள், பயிற்சிக்கு முன்பே

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. சைக்கிள் புதியதா, எடை குறைந்ததா என்று பார்ப்பார்கள். செயின்வீலில் எத்தனை பல், பின்னால் பெரிய வட்டில் எத்தனை பல் என்று எண்ண மாட்டார்கள்.

பழைய ரேசிங் சைக்கிள்களில் முன்னால் சின்ன வட்டு 42 பல், பின்னால் பெரியது 28 பல் என்று இருப்பது வழக்கம். பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரம் ஒன்றரைச் சுற்று போகும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல். முன்னால் 34, பின்னால் 34 போட்டால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று. அதே 60 மிதியில் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர். ஒரே ஏற்றத்தில், ஒரே மிதிப்பில், முதலாமவர் ஒன்றரை மடங்கு பலம் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க முடியாதபோது மிதிப்பு 40க்கு இறங்கும், எழுந்து நின்று மிதிப்பார், அரை நாளில் முழங்கால் வலி தொடங்கும். புசல்லாவையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களில் பலர் பலமில்லாதவர்கள் அல்ல, கியர் இல்லாதவர்கள்.

ஆகவே குறைந்த கியர் ஒன்றுக்கு ஒன்று, அல்லது அதற்கும் கீழே. மவுண்டன் பைக்கில் இது ஏற்கனவே இருக்கும்; அதில் முள் டயரைக் கழற்றி வழுவழுப்பான டயர் போட்டாலே போதும், புதுச் சைக்கிள் வேண்டாம். ரோட் பைக் என்றால் பின்னால் 34 பல் கேசட் (பின்சக்கரப் பல்வட்டுகளின் தொகுதி) மாட்டுமுன், செயினை மாற்றித் தரும் டீரெய்லர் அவ்வளவு பெரிய வட்டைத் தாங்குமா என்று கடையில் கேளுங்கள். குட்டை டீரெய்லரில் பெரிய கேசட்டைப் போட்டால் செயின் இறுகி டீரெய்லரையே பிய்த்துவிடும். கேசட்டோடு செயினையும் புதிதாக மாற்றுங்கள், பழைய செயின் புதுப் பல்லில் வழுக்கும்.

கியர் இல்லாத லுமாலா சைக்கிளில் வரலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வரலாம், பாதி மலையைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு மனம் இருந்தால், குழுவும் அதற்குச் சம்மதித்தால்.

இதைப் பயிற்சிக்கு முன் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தவறான கியரில் மூன்று மாதம் பழகினால், தவறான மிதிப்பும் உடம்பில் ஊறிவிடும்.

5. டயர், பிரேக், வால்வு

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல், சட்டகம் இடம் கொடுத்தால் 32. மெல்லிய டயர் வேகம் என்பது மலையக வீதி ஓரங்களுக்குப் பொருந்தாது. தார் உடைந்த விளிம்பும் வடிகாலும் அருகருகே இருக்கும், பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது அந்த விளிம்பில்தான் ஓடுவீர்கள். காற்றையும் கல்லாக அடிக்காதீர்கள்.

பிரேக் கட்டையைப் புதிதாகப் போட்டு, வீட்டைச் சுற்றி நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பதப்படுத்துங்கள். இன்னொரு சோடி பையில் இருக்க வேண்டும். மழையில் மணலோடு தேயும்போது ஒரு நல்ல கட்டை ஒரே இறக்கத்தில் முடிந்துவிடக்கூடும். டிஸ்க் பிரேக் என்றால் உங்கள் மாடலுக்கான பேட் சிறு பட்டணங்களில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

வால்வும் அப்படித்தான். மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூப் பசறையிலோ பிபிலையிலோ கடையில் தொங்காது. ஆளுக்கு இரண்டு டியூப், கைப்பம்பு, ஒட்டுப்போடும் சாமான், டயர் நெம்புகோல். குழுவில் எல்லோரும் ஒரே வால்வு, ஒரே சக்கர அளவு என்று முடிந்த அளவு ஒத்துப்போனால் ஒருவர் டியூப் இன்னொருவருக்கு உதவும்.

முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். இறம்பொடையில் சுரங்கப் பாதை ஒன்று இருக்கிறது, 200 மீட்டருக்கு மேல் நீளம். வெளியே வெயில் அடிக்கும்போது உள்ளே நுழைகிற வாகனச் சாரதிக்குச் சில நொடி கண் தெரியாது. உங்கள் பின்விளக்குத்தான் அவருக்கு அடையாளம்.

6. பயிற்சி: 12 வாரம்

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றரை மணித்தியாலம், பேச்சு மூச்சு தடைப்படாத வேகத்தில். உடம்பு இருக்கையில் உட்காரப் பழகுவதற்கே இந்த ஒரு மாதம். இருக்கை உயரத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். நீட்டி விறைத்திருந்தால் உயரம் அதிகம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஏற்றம். கண்டி, பதுளைக்காரர்களுக்கு வாசலிலேயே மலை. மட்டக்களப்பு, யாழ்ப்பாணத்துத் தம்பிமாருக்குத்தான் சிக்கல். தட்டைத் தரையில் 100 கிலோமீட்டரை அலுப்பில்லாமல் ஓடுகிறவர், ஏற்றத்தில் 20 நிமிடம் விடாமல் மிதித்ததே இல்லை. தட்டைத் தரையில் எடுத்த வேகமே சைக்கிளை உருட்டும், நடுவில் மிதிப்பதை நிறுத்தலாம். ஏற்றத்தில் நிறுத்தினால் சைக்கிளும் நிற்கும். அந்த விடாத மிதிப்பைப் பழக, எதிர்க்காற்று அடிக்கும் நேரத்தில் வாவிக்கரை வீதியிலோ திறந்த வெளியிலோ 20 நிமிடம் நிறுத்தாமல், பிறகு 30, பிறகு 45 நிமிடம் மிதியுங்கள். அப்புறம் ஒரு முறையாவது மலைக்கு வந்து கம்பளையிலிருந்து புசல்லாவை வரை ஏறிப் பாருங்கள். இதற்கு மாற்று கிடையாது.

ஒன்பதாம் வாரத்திலிருந்து அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட்டம். சனிக்கிழமை நீளம், ஞாயிறு அதில் முக்கால். ஞாயிறு காலை இருக்கையில் உட்காரும்போது உடம்பு சொல்வதைக் கேளுங்கள். எங்கே உரசுகிறது, எந்த விரல் மரத்துப்போகிறது என்று அப்போதுதான் தெரியும். புதுக் காற்சட்டை, புதுச் சப்பாத்து, புது இருக்கை எதுவாக இருந்தாலும் இந்த வாரங்களுக்குள் சோதித்துவிடுங்கள்.

கடைசி வாரம் பாதியாகக் குறையுங்கள். பதற்றத்தில் கடைசி மூன்று நாள் வெறிகொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடுகண்ணாவையிலேயே கால் கனத்துவிடும்.

இறக்கத்துக்கும் பயிற்சி வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 11ஆம் படியைப் பயணத்தில் முதல் தடவையாகச் செய்து பார்க்காதீர்கள்.

7. குழுவை அமையுங்கள்

6 முதல் 8 பேர் ஒரு கூட்டம். 20 பேர் வந்தால் மூன்று கூட்டமாகப் பிரித்துப் பத்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். நீண்ட வரிசையை பஸ் ஒரே மூச்சில் முந்த முடியாது. பாதியில் எதிரே லொறி வந்தால் உங்கள் மேல்தான் ஒதுங்கும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னோடி ஒருவர், கடைசி ஆள் ஒருவர். புதியவர்கள் பலசாலியை முன்னால் விடுவார்கள். பலசாலி கடைசியில்தான் இருக்க வேண்டும். பின்தங்கியவருக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி எட்டிப் பிடிக்கும் தெம்பு அவருக்குத்தான் உண்டு. முன்னால் போகிறவர் வீதி தெரிந்தவராக, நிதானமானவராக இருந்தால் போதும்.

மலையில் எல்லோரும் ஒட்டிக்கொண்டு ஏற வேண்டியதில்லை. அவரவர் வேகத்தில் ஏறி, முன்பே பெயர் குறித்த இடத்தில் சேருங்கள். புசல்லாவைக் கடைத்தெரு, சுரங்கத்துக்கு முன், இறம்பொடை ஆஞ்சநேயர் கோயில் சந்தி, லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலை என்று இடங்களை எழுதி ஒவ்வொருவர் ஹேண்டிலிலும் ஒட்டிவிடுங்கள். "கொஞ்சம் மேலே போய் நிற்கிறோம்" என்ற பேச்சு வேண்டாம். வளைவில் காத்து நிற்பதும் கூடாது.

"அண்ணே நீங்க போங்க, நான் பின்னால வாறன்" என்று யாராவது சொன்னால் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெரும்பாலும் அது வெட்கத்தில் வருகிற சொல். கடைசி ஆள் அவரோடு நிற்கட்டும்.

சைகைகளைப் புறப்படும் முன் எல்லோரும் ஒரே மாதிரிப் பழகுங்கள். குழிக்கு விரலால் கீழே காட்டுவது, நிற்பதற்குக் கையை உயர்த்துவது. கூட்டத்தின் பின்னால் இருப்பவர் "பஸ்!" என்று கத்தினால் முன்னால் வரை ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். மலையில் எப்போதும் ஒருவர் பின் ஒருவர்தான். கதை பேசப் பக்கத்தில் வரும் பழக்கத்தைக் கொழும்பிலேயே விட்டுவிடுங்கள்.

8. வாகனமும் சாமானும்

ஒரு வேன் அல்லது பட்டா என்ற சிறிய லொறி கூட வருவது நல்லது. ஆனால் அது கூட்டத்தின் பின்னால் ஊர்ந்து வரக் கூடாது. ஊர்ந்தால் பின்னால் வாகனம் சேரும், சாரதிகள் பொறுமையிழந்து வளைவில் முந்துவார்கள். அடுத்த சந்திப்பு இடத்துக்கு முன்னால் போய் நிற்கச் சொல்லுங்கள்.

சைக்கிளில் ஏற்ற வேண்டியவை தண்ணீர், டியூப், கருவி, மழைச்சட்டை, அடையாள அட்டை, கொஞ்சம் காசு மட்டும். மற்றவை வாகனத்தில். முதுகில் பை போட்டால் ஏற்றத்தில் தோளையும் இடுப்பையும் தின்றுவிடும்.

இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் இரண்டையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். அவசர அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. தோட்டப் பகுதிகளில் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

9. சாப்பாடு

பசி வந்த பிறகு சாப்பிடுவது மலையில் காலம் கடந்த வேலை. 40, 45 நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது வாய்க்குள் போக வேண்டும். வாழைப்பழம், எள்ளுருண்டை, பனங்கட்டித் துண்டு, இரண்டாக மடித்த ரொட்டி. சிறிய அளவாக, அடிக்கடி.

காலைக்கு ரொட்டியும் கட்டசம்பலும் மலையகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சம்பலில் கையை அடக்குங்கள். காரம் ஏறினால் ஏற்றத்தில் நெஞ்சு எரியும். மதியம் சோற்றைக் குவித்துச் சாப்பிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் கால் நகராது. கொத்து ரொட்டி இரவுக்கு. பகலில் இஞ்சி போட்ட சாயத் தண்ணீர் (பால் சேராத தேநீர்), சீனி தாராளமாக.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை போய்க்கொண்டே இருக்கும். போத்தல் ஒன்றை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிக்கப் பாருங்கள். கடைசி நாள் வெயிலுக்கு ஜீவனிப் பைக்கற்றுகள் (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) வேண்டும். பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் வயிற்றைக் கலக்கும்.

10. இரண்டாம் நாள்: ஏறுவது

காலை 5 மணிக்குப் பேராதனையை விடுங்கள். கம்பளை வரை வீதி தட்டையாக இருக்கும், அங்கேதான் எல்லோரும் பலத்தைக் கொட்டுவார்கள். வேண்டாம். ஏற்றத்தின் முதல் ஒரு மணித்தியாலம் "இது மிக மெதுவாக இருக்கிறதே" என்று தோன்ற வேண்டும். முழு வசனம் பேச முடிகிற மூச்சுத்தான் அளவுகோல்.

ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். பெடலில் முழு எடை இறங்கிய பிறகு மாற்றினால் செயின் கழன்று விழும், சில நேரம் அறுந்தும் போகும். உட்கார்ந்தே மிதியுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 20 மிதி எழுந்து நின்றால் இடுப்பு தளரும்.

கொண்டை வளைவில் உள்விளிம்புதான் செங்குத்து. இடப்பக்க வளைவுகளில் நமக்குக் கிடைப்பது அந்த உள்விளிம்பு. பின்னால் வாகனம் இல்லையென்று உறுதியானால் சற்று வெளியே அகன்று வளையுங்கள், சந்தேகம் இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வீதியோரம் வருகிற அக்காமார் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள்.

லபுக்கலைக்குப் பிறகும் ஏற்றம் மிச்சம் இருக்கிறது. "வந்துவிட்டோம்" என்று அங்கே சாப்பாட்டை நிறுத்தியவர்கள் கடைசி மலையில் திணறுவார்கள். நகரத்தை அடைந்ததும் முதலில் ஈர உடுப்பை மாற்றுங்கள், தேநீர் அப்புறம். பெப்ரவரி இரவில் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும்.

11. மூன்றாம், நான்காம் நாள்: இறங்குவது

ஏற்றத்தில் கஷ்டப்பட்டவர்கள்தான் இறக்கத்தில் விழுகிறார்கள். ஏறி முடித்த சந்தோஷத்தில் கையை விட்டுவிடுவார்கள்.

நுவரெலியாவிலிருந்து விடிந்த பிறகே புறப்படுங்கள். மூடுபனியில் சீதாஎலிய, ஹக்கலை வளைவுகளில் எதிரே வருவது தெரியாது. நெஞ்சுக்குள் பத்திரிகைத் தாள் இரண்டை மடித்து வைத்து மேலே காற்றுத் தடுப்புச் சட்டை போடுங்கள். கீழே வந்ததும் தாளை எறியாமல் வாகனத்தில் போடலாம். கையுறை முக்கியம். குளிரில் விரல் விறைத்தால் பிரேக் பிடிக்கும் பலம் போய்விடும்.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் பிரேக்கில் அந்தச் சூடு ரிம்முக்குப் போய், அங்கிருந்து டியூபுக்குப் போகும். நீண்ட இறக்கத்தில் டியூப் வெடிப்பதுண்டு. வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பிடி, விடு, பிடி, விடு. வளைவுக்குள் போன பிறகு முன்பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை நின்று ரிம்முக்கு அருகில் கையை வைத்துப் பாருங்கள். சூடு அடித்தால் ஆறும்வரை நில்லுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 50இல் போகிறவர் 25இல் போகிறவரைவிட எவ்வளவு முன்னால் பார்க்க வேண்டும் என்று யோசியுங்கள். வளைவு மறைப்பதால் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 30க்கு மேல் போகாதீர்கள் என்று குழுவில் விதியாகவே வையுங்கள். ஆளுக்கு ஆள் 30 மீட்டர் இடைவெளி, யாரும் யாரையும் முந்தக் கூடாது.

பெடல்களைச் சமமாக வைத்து, இருக்கையிலிருந்து சற்றே எழும்பி, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் வளைவின் முடிவில் வையுங்கள். இடப்பக்க வளைவில் உள்பெடல் கீழே இருந்தால் தரையில் தட்டும்.

மலை வீதியில் ஏறிவரும் வாகனத்துக்கு இடம் கொடுப்பது வழக்கம். கொண்டை வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தால் முழு வீதியையும் எடுக்கப்போகிறது என்று பொருள். வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள். கெப்பெட்டிப்பொலப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்வரும் மரக்கறி லொறிகள் வீதியில் கோவா இலையையும் சேற்றையும் சிந்திவிட்டுப் போகும். ஈரமான இலையில் டயர் சறுக்கும்.

மழை தொடங்கினால் ரிம் பிரேக் முதல் சில சுற்றுக்குப் பிடிக்காது. தண்ணீரைத் துடைத்த பிறகே பிடிக்கும். அதற்காக முன்கூட்டியே மெல்லத் தொட்டுக்கொண்டே போங்கள். பலத்த மழை என்றால் ஓட்டமே வேண்டாம், கடையில் ஒதுங்குங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அந்த மாவட்டத்துக்கு இருந்தால் அன்றைய பயணத்தை வாகனத்தில் முடியுங்கள். சரிவிலிருந்து சிறு கல் உருண்டு வந்தாலோ, வீதியோரம் திடீரென்று சேற்றுத் தண்ணீர் பாய்ந்தாலோ அந்த இடத்தில் நின்று படம் எடுக்காதீர்கள்.

நான்காம் நாள் பசறைப் பக்கம் இதே விதிகள்தான். ஆனால் அன்று களைப்பு கூடியிருக்கும், கவனம் குறைந்திருக்கும். கடைசி ஆள் அன்று அடிக்கடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரட்டும்.

12. கடைசி நாள்

பிபிலையில் தட்டை வீதியைக் கண்டதும் குழு உடையும். பலசாலிகள் பறப்பார்கள். அவர்களைப் பிடித்து வையுங்கள். மகாஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் யானை நடமாட்டம் உண்டு. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் அந்தக் காட்டுப் பகுதிக்குள் இறங்க வேண்டும், பொழுது சாயுமுன் தாண்டிவிட வேண்டும், தனியாக யாரும் போகக் கூடாது. வீதியில் புதிய சாணத்தைக் கண்டால் நின்று, பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள். யானையே நின்றால் மணி அடிக்காமல், கத்தாமல் திரும்பி வாருங்கள்.

மலைக்குளிருக்குப் பழகிய உடம்பு இந்த வெயிலைத் தாங்காது. 10 மணிக்குள் பாதித் தூரம் முடிய வேண்டும். 11 முதல் 2 வரை கரடியனாற்றுப் பக்கத்தில் மரநிழலில் படுத்திருங்கள். தலை சுற்றல், குளிர் நடுக்கம், வியர்வை நின்றுபோதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த ஆளை வாகனத்தில் ஏற்றுங்கள். "இன்னும் கொஞ்சம்தானே" என்ற கெஞ்சலுக்கு இரங்காதீர்கள்.

செங்கலடிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பிரதான வீதி, பஸ்கள் வேகமாக வரும். சந்தியில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு கடைசியாக ஒற்றை வரிசையில் போங்கள். திரும்பும் வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள். ரயிலில் சைக்கிளைப் பார்சலாக அனுப்புவதென்றால், எந்த ரயிலில் ஏற்றுவார்கள், எத்தனை மணிக்கு நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எட்டுச் சைக்கிளோடு மேடையில் போய் நின்றுகொண்டு கேட்டால் இடமில்லை என்பதுதான் பதிலாக வரும்.